கல் பழசா, மோட்டார் பழசா: பழைய பெரிய கேமராவும் புது நடுத்தரக் கேமராவும்

ராத்திரி பத்தரை மணி. மும்பையில் எங்கள் சால் என்கிற வரிசைக் குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் மூக்குக்கு நேரே பக்கத்து வீட்டுத் தம்பி போனை நீட்டினான். "அண்ணே, போரா பஜார் பழைய கேமராக் கடையில ஒரு 1டி எக்ஸ் வந்திருக்கு. கேனன்லயே ஒண்ணாம் நம்பர் பாடி. அதே கம்பெனி புது ஆர்10க்கு ஆகுற காசுதான் கேக்கான். எதை எடுக்க?"

போனில் தெரிந்தது செங்கல் கனத்தில் ஒரு கேமரா. முனைகளில் கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து உலோகம் பளபளத்தது. பார்த்ததும் எனக்கே கை ஊறியது. தாராவி, மாட்டுங்கா, சயான் என்று இருபது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எடுத்து வருகிறேன். ஆரம்ப காலத்தில் 1டி வரிசைக் கேமராவைப் பத்திரிகைக்காரர்கள் தோளில் தொங்கும்போது தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அது இன்று ஒரு கூரியர் கம்பெனிப் பையனின் கைக்கெட்டும் விலையில் கிடக்கிறது என்றால் ஆசை வராமல் இருக்குமா?

தம்பியிடம் இப்போது இருப்பது 2016இல் வந்த கேனன் 1300டி. கூடவே வந்த 18-55 லென்ஸ் ஒன்று, தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் சின்னதானால் லென்ஸ் வாய் அகலமாகத் திறக்கும்) ஒன்று. மற்ற நாளில் கூரியர் கம்பெனி, சனி ஞாயிறு மட்டும் கல்யாண வேலை. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பலரும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: ஒரே காசு, ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ராஜா, இன்னொரு பக்கம் நேற்று வந்த நடுத்தர ஆள். அன்று ராத்திரி அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் "புரொஃபஷனல்" என்ற சொல்லைப் பார்ப்போம். அந்தச் சொல்லைக் கேட்டதும் படம் அழகாக வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். கேமரா செய்கிறவர்கள் அதை அந்த அர்த்தத்தில் வைப்பதில்லை. 1டி எக்ஸ் விற்பனைக்கு வந்தது 2012இல், லண்டன் ஒலிம்பிக் நடந்த வருஷம். விநாடிக்கு 12 படம், மெக்னீசியக் கலவை உலோக உடம்பு, ஒரு கார்டு கெட்டாலும் இன்னொன்றில் படம் தங்கும்படி இரண்டு கார்டு இடம், நிமிர்த்திப் பிடித்தாலும் கைக்கு வசதியாகக் கீழே இன்னொரு ஷட்டர் பட்டன். நான்கு லட்சம் தடவை திறந்து மூடும் என்று சோதித்த ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடுகிற கதவு. மைதானத்து ஓரத்தில் மழையில் நின்று நாள் முழுக்கச் சுடுகிறவனுக்காகச் செய்தது அது. அந்த வேகத்தில் விடாமல் அழுத்தினால் நான்கு லட்சமும் ஒன்பது மணி நேரத்துச் சொச்சத்தில் தீர்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆக, அந்தச் சொல் அது எவ்வளவு அடி தாங்கும் என்பதைச் சொல்கிறது. படத்தைப் பற்றி அது பேசுவது கொஞ்சம்தான்.

எங்கள் பக்கத்தில் விடியுமுன்னே இட்லி அவித்து, சைக்கிளில் ஏற்றி, நகரம் முழுக்கக் கொண்டுபோய் விற்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களில் ஒருவர் பதினைந்து வருஷம் ஓட்டிய பெரிய கிரைண்டரை விற்கிறார் என்று வையுங்கள். கல் அப்படியே இருக்கும், தேய்ந்திருந்தால் கொத்திக்கொள்ளலாம். டிரம் உறுதியாக இருக்கும். ஆனால் மோட்டார் காயில்? பெல்ட்? பேரிங்? வீட்டுக்கு வாங்கும் புது டேபிள் டாப் கிரைண்டரில் கல் சின்னதுதான், மோட்டார் புதுசு. பழைய கேமராவும் இப்படித்தான், எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. எது கல், எது மோட்டார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கல்லாக இருப்பவை

முதல் கல், சென்சாரின் அளவு. வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்குகிற சில்லுதான் சென்சார். 1டி எக்ஸில் அது 36க்கு 24 மி.மீ.; பழைய பிலிம் கட்டத்தின் அளவே. அதனால்தான் ஃபுல் ஃபிரேம் என்கிறார்கள். ஆர்10இல் இருப்பது ஏபிஎஸ்-சி என்கிற சின்ன அளவு, சுமார் 22.3க்கு 14.9. பரப்பளவில் முன்னது இரண்டரை மடங்குக்குச் சற்றே கூட. மழைக் காலத்தில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே அண்டா வைத்தால் சேரும் தண்ணீர் வேறு, சொம்பு வைத்தால் சேரும் தண்ணீர் வேறு. வெளிச்சமும் அப்படியே. போட்டோக்காரர்கள் வெளிச்சம் இரண்டு மடங்கானால் "ஒரு ஸ்டாப்" என்பார்கள். அந்தக் கணக்கில் பெரிய சென்சாருக்கு ஒன்றேகால், ஒன்றரை ஸ்டாப் லாபம். இந்தக் கல் 2012இல் எவ்வளவு பெரிதோ இன்றும் அவ்வளவு பெரிது.

அளவு மாறினால் லென்ஸின் பார்வையும் மாறும். மி.மீ. கூடக் கூடப் பார்வை குறுகும், தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும். கேனன் ஏபிஎஸ்-சியில் எந்த லென்ஸையும் 1.6 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். தம்பியின் 50 மி.மீ. அவனுக்கு 80 மாதிரி நடந்துகொள்கிறது. சயானில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்கிற சின்ன ஹாலில் மணமேடைக்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் நடுவே ஆறடி இருந்தால் அதிகம். அங்கே 80ஐ வைத்துக்கொண்டு குடும்பப் படம் எடுக்க முதுகைச் சுவரோடு ஒட்டினாலும் பெரியப்பா ஃபிரேமுக்கு வெளியேதான் நிற்பார். ஃபுல் ஃபிரேமில் அதே 50 நிஜமாகவே 50.

ஆனால் இதே கணக்கு சிவ்ரிக் கடலோரத்தில் தலைகீழ். குளிர்காலத்தில் ஃபிளமிங்கோ வந்து சேற்றில் இறங்கும்போது தூரம்தான் பிரச்சினை. அங்கே 300 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 480 போல வேலை செய்யும். 1டி எக்ஸில் எடுத்து அதே அளவுக்கு வெட்டினால் 18 மெகாபிக்சலில் கையில் மிஞ்சுவது ஏழுதான்; ஆர்10இல் 24ம் பறவைமேலேயே விழும். பறவைக்காரர்கள் எல்லாரும் ஃபுல் ஃபிரேம்தான் வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பேசாமல் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது கல், கண்ணாடி வழியே நேராகப் பார்க்கிற வியூஃபைண்டரும் பட்டன்களும். 1டி எக்ஸ் வியூஃபைண்டர் பெரிது, தெளிவு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால்கூட எதை எங்கே திருப்புவது என்று விரலுக்குத் தெரியும்படி எல்லாவற்றுக்கும் தனிப் பட்டன். ஆர்10இல் பார்ப்பது ஒரு சின்னத் திரை. தொடக்கத்தில் டிவி பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் படம் எவ்வளவு இருட்டாக, எவ்வளவு வெளுப்பாக வரப்போகிறது என்பது எடுக்குமுன்பே அதில் தெரிந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

மூன்றாவது கல் லென்ஸ். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மோட்டாராக இருப்பவை

இங்கேதான் பத்து வருஷம் உண்மையிலேயே பத்து வருஷமாகத் தெரியும்.

1டி எக்ஸ் போல உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் எப்படி நடக்கிறது தெரியுமா? லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தின் பெரும்பகுதி ஒரு கண்ணாடியில் பட்டு மேலே உங்கள் கண்ணுக்குப் போகிறது. கொஞ்சம் அதே கண்ணாடியைத் தாண்டி, பின்னாலிருக்கிற இன்னொரு குட்டிக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடிவயிற்றில் இருக்கிற தனி ஃபோகஸ் சில்லுக்கு இறங்குகிறது. படம் பிடிக்கும் சென்சார் ஓரிடம், ஃபோகஸ் அளக்கும் சில்லு வேறிடம். இரண்டுக்கும் தூரம் மயிரிழை பிசகினாலும் ஃபோகஸ் கண்ணில் விழாமல் காதில் விழும். அதைச் சரிசெய்யத்தான் 1டி எக்ஸ் போன்ற பாடிகளில் லென்ஸுக்கு லென்ஸ் நுண்திருத்தம் வைத்துக்கொள்ளும் மெனு இருக்கிறது. ஆர்10 மிரர்லெஸ் வகை, அதில் கண்ணாடியே இல்லை. படம் பிடிக்கிற சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது. பிசகுவதற்கு நடுவில் ஒன்றுமில்லை.

1டி எக்ஸில் 61 ஃபோகஸ் புள்ளிகள். அந்தக் காலத்துக்குப் பிரமாதம், இன்றும் ஓடுகிற ஆளை நடுப்புள்ளியில் வைத்துப் பின்தொடர்வதில் மட்டமே இல்லை. ஆனால் புள்ளிகள் எல்லாம் ஃபிரேமின் நடுப்பகுதியில் கூடி நிற்கின்றன. கெட்டிமேளம் கேட்ட அந்த மூன்று விநாடியை நினைத்துக்கொள்ளுங்கள். பொண்ணு தலை குனிகிறாள், மாப்பிள்ளை கை குறுக்கே வருகிறது, நாத்தனார் பின்னால் குனிகிறார், அட்சதை பறக்கிறது, வீடியோக்காரர் லைட்டைத் தூக்குகிறார். பொண்ணின் கண் ஃபிரேமின் வலது மூலையில். பழைய கேமராவில் அந்தக் கண்ணுக்குப் பக்கத்திலேயே புள்ளி கிடையாது. நடுவில் ஃபோகஸ் பண்ணிவிட்டுக் கேமராவைத் திருப்ப வேண்டும், எஃப் 1.8இல் அப்படித் திருப்பும்போதே ஃபோகஸ் நழுவும். ஆர்10இல் ஒரு சின்னச் சதுரம் பொண்ணின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டு அவள் குனிந்தாலும் கூடவே குனியும். மனிதர், நாய், பூனை, பறவை, வண்டி எல்லாம் அதற்கு அடையாளம் தெரியும்.

சில சமயம் அந்தச் சதுரம் பொண்ணை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற வீடியோக்காரர் முகத்தில் ஏறிக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புத்திசாலி மெஷின்தான், ஆனால் யாருக்குக் கல்யாணம் என்று அதற்குத் தெரியாது.

அடுத்தது இருட்டு. மேலே சொன்ன அண்டா-சொம்புக் கணக்குப்படி பழைய பெரிய சென்சார் எளிதாக ஜெயிக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்வை, ஏற்றிச் சரியான வெளிச்சத்தில் எடுத்தால் 1டி எக்ஸ் இன்றும் ஆர்10க்கு இணையாக நிற்கும், ஒரு முடி முன்னேயும் நிற்கும். ஆனால் இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் வந்து கம்ப்யூட்டரில் நிழலைத் தூக்குகிறபோது, அதாவது இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்குகிறபோது, கதை மாறுகிறது. சென்சாரில் பிடிபடும் வெளிச்சம் முதலில் மின்னழுத்தம். அதை எண்ணாக மாற்றினால்தான் ஃபைல். கேனனின் பழைய சென்சார்களில் அந்த மின்னழுத்தம் சில்லுக்கு வெளியே இருக்கிற மாற்றி வரை பயணம் செய்ய வேண்டும். போகிற வழியில் இரைச்சலை, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற அழுக்கை, சேர்த்துக்கொள்ளும். 2016இல் 1டி எக்ஸ் மார்க் 2 வந்தபோது அந்த மாற்றியைச் சென்சார் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டை இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கிப் பாருங்கள்: பழையதில் ஊதாப் புள்ளியும் கோடு கோடாக இரைச்சலும், புதியதில் துணியின் நெசவு. வெளிச்சம் அளப்பதில் கை பழகாத தம்பிமார்களுக்கு இந்தச் சலுகை பெரிய விஷயம். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் 2023இல் வந்த, இரைச்சல் நீக்கும் ஏ.ஐ. டீநாய்ஸ் இரண்டு கேமராவுக்கும் உதவும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் இருந்தால்.

வீடியோவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 1டி எக்ஸில் 1080பி தான் எல்லை, ஓடும்போது தானாக ஃபோகஸ் பின்தொடராது. அந்த வேலையைச் செய்கிற கேனனின் டூயல் பிக்சல் ஃபோகஸ் 2013இல் 70டியில்தான் முதலில் வந்தது. ஆர்10இல் 4கே, கண்ணைத் தொடரும் ஃபோகஸ், திருப்பி மடக்கும் தொடுதிரை. இப்போது கல்யாண வீட்டில் "ரீல்ஸ் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆல்பத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். இரவோடு இரவாகப் பத்துப் படம் வாட்ஸ்அப்பில் வேண்டும் என்பார்கள். 1டி எக்ஸில் வைஃபை இல்லை. ஆனால் லேன் கேபிள் குத்த ஓட்டை இருக்கிறது. மைதானத்துப் பத்திரிகைக்காரருக்கு அது போதும், மண்டபத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மெகாபிக்சலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 18ம் 24ம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க லூப் என்கிற பூதக்கண்ணாடி வேண்டும். கரிஷ்மா என்கிற கல்யாண ஆல்பத்தில் 12க்கு 36 அங்குலத் தாள் முழுக்க ஒரே படம் போட்டால்கூட அங்குலத்துக்கு 144 பிக்சல், 167 பிக்சல் என்றுதான் வரும். ஆல்பத்தை மடியில் வைத்துப் பார்க்கிற அத்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடையில் போய்ப் பார்த்தது

மறுவாரம் சனிக்கிழமை தம்பியோடு வி.டி. ஸ்டேஷனில் இறங்கிப் போரா பஜாருக்கு நடந்தேன். கடைக்காரர் "ஏக்தம் மஸ்த் கண்டிஷன்" (அட்டகாசமான நிலையில் இருக்கிறது) என்று கேமராவைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தார். அந்த வார்த்தையைக் கேட்டு ஒருமுறை ஏமாந்தவன் நான். வேறு ஒரு கடையில் வாங்கிய 70-200 லென்ஸை வீட்டில் கொண்டுவந்து டார்ச் அடித்தபோதுதான் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் படர்ந்திருந்தது தெரிந்தது. அதிலிருந்து கேமராக் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் டார்ச் இருக்கும்.

முதலில் மெனுவுக்குள் போனோம். 1டி எக்ஸ் தன் ஷட்டர் எண்ணிக்கையை ஆயிரக் கணக்கில் தானே காட்டும். 2,60,000க்கு மேல் போயிருந்தது. நான்கு லட்சம் என்று எழுதியிருப்பது காலாவதித் தேதி இல்லை. அதற்கு முன்னேயும் போகலாம், தாண்டியும் ஓடலாம். ஆனால் போனால் ஷட்டர் மாற்றச் செலவு இருக்கிறது, பழைய மாடலுக்குப் பாகம் கிடைப்பது வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும்.

பிறகு லென்ஸை எஃப் 16இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார்மேல் கிடக்கிற தூசி கறும்புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் துடைத்துக்கொள்ளலாம், கீறல் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். லென்ஸ் மூடியைப் போட்டு அரை நிமிடம் இருட்டுப் படம்: பிரகாசமான புள்ளிகள் கூட்டமாக இருந்தால் சென்சார் களைத்திருக்கிறது. கார்டு ஓட்டைக்குள் டார்ச் அடித்து ஊசிகளைப் பார்த்தோம். 1டி எக்ஸுக்குச் சி.எஃப். என்கிற பழைய வகைப் பெரிய கார்டு, கார்டைக் கோணலாகத் திணித்தால் உள்ளே ஊசி வளையும். ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. நான் தம்பி முகத்தைப் பார்த்தேன், அவன் கடைக்காரர் முகத்தைப் பார்த்தான், அவர் ரோட்டைப் பார்த்தார்.

கேமராவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகரவும் சொல்வேன். சிரிக்காதீர்கள். இந்த ஊர் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரத்தில் ஊறுகிறது. அலமாரிக்குள் நான்கு மழைக் காலம் தூங்கிய லென்ஸில் பழைய துணிப்பெட்டி வாசனை வரும். அந்த வாசனை வந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூஞ்சை இருக்கக்கூடும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. கல் கிழடாகாது என்று மேலே சொன்னேன். மும்பையில் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் நாற்பது ஐம்பது சதவீதத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன மீட்டர் வைத்தால் போதும். அரிசி டப்பாவில் போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தவிட்டுத் தூசி உள்ளே போவதுதான் மிச்சம்.

மழைக்குப் பழைய பெரிய கேமராதான் பாதுகாப்பு என்பார்கள். புதிதாக இருந்தபோது உண்மை. மூட்டுகளில் இருக்கிற ரப்பருக்கும் வயது ஆகிறது. சீல் இல்லாத லென்ஸை மாட்டினால் அந்த வாய் வழியாகவே தண்ணீர் இறங்கும். ஆர்10 மழைக்கென்று செய்ததே இல்லை. இரண்டுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பாலிதீன் கவர்.

இனிக் கணக்கு. இதைத்தான் யாரும் முதலில் போடுவதில்லை. தம்பியின் 18-55 லென்ஸ் சின்ன சென்சாருக்கென்றே செய்த ஈஎஃப்-எஸ் வகை. அது 1டி எக்ஸில் மாட்டவே மாட்டாது. ஆக அந்தப் பாடியை வாங்கிய அன்றைக்கு அவனிடம் ஒரே ஒரு 50 மி.மீ. இருக்கும். சி.எஃப். கார்டு இரண்டு, அதற்கு ரீடர், பழசாகிப்போன பேட்டரிக்கு மாற்று, குறைந்தது ஒரு ஜூம். இதெல்லாம் கேமரா விலைக்கு மேலே. ஆர்10 வாங்கினால் டி.எஸ்.எல்.ஆருக்கான ஈஎஃப் லென்ஸ் மாட்டுகிற அடாப்டர் ஒன்று வேண்டும். அதற்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் வளையமும் மின் இணைப்பும், அதனால் படத்தரம் குறையாது. அதில் அவனுடைய இரண்டு லென்ஸும் வேலை செய்யும், கையில் இருக்கிற எஸ்.டி. கார்டும் செல்லும். ஆனால் கார்டுக்கு ஒரே இடம்தான், இரண்டாவது கார்டில் பிரதி எடுக்க வழியில்லை. அது ஒரு பயம்தான், மறைக்கவில்லை. பேட்டரி சின்னது, நாள் முழுக்கக் கல்யாணம் என்றால் மூன்று வேண்டும். 1டி எக்ஸ் ஒரே பேட்டரியில் முகூர்த்தம் முதல் ரிசப்ஷன் வரை அசையாமல் ஓடும். ஆர்10 எழுதும் சி.ஆர்.3 ரா ஃபைலை (திருத்தாத மூலப் படம்) பழைய லைட்ரூம் 6 திறக்காது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எடையைச் சொல்லவில்லையே: ஒன்று பேட்டரி இல்லாமலே சுமார் 1,340 கிராம், இன்னொன்று பேட்டரி கார்டோடு 429. சாயங்காலம் ஆறரைக்கு தாதரில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறுகிறவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

புதுசு வாங்கும்போது விலை குறைவாகச் சொல்லி, பில் வேண்டாம் என்று காதில் ஓதுவார்கள். 2019 ஜனவரியிலிருந்து டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லோடு வாங்கினால்தான் கம்பெனி வாரண்டி. பில் இல்லாத புதுக் கேமராவைவிட ஷட்டர் எண்ணிக்கை தெரிந்த பழைய கேமரா மேல்.

அப்படியானால் பழைய ராஜாவை யார்தான் வாங்குவது? ஏற்கெனவே ஈஎஃப் வகையில் உயர்ந்த "எல்" லென்ஸ் மூன்று நான்கு வைத்திருக்கிறவர். விளையாட்டு எடுக்கிறவர், கட்டைவிரல் தன்னாலே ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் அளவுக்குப் பழகியவர். வீடியோ கேட்காத வாடிக்கையாளர் உள்ளவர். கெட்டுப்போனாலும் அன்றைக்கு வேலைக்கு வேறொரு பாடி பையில் இருக்கிறவர். எனக்கு இந்த நான்கில் மூன்று பொருந்தும், அதனால்தான் கை ஊறியது. தம்பிக்கு ஒன்றும் பொருந்தவில்லை. ஃபுல் ஃபிரேம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் நடுவில் ஒரு வழி இருக்கிறது: 2019இல் வந்த கேனன் ஆர்.பி., செகண்ட் ஹேண்டில். 26 மெகாபிக்சல், அரைக் கிலோ எடைகூட இல்லை. வேகம் குறைவு, 4கே வீடியோவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சின்ன ஹாலில் குடும்பப் படத்துக்கு நல்ல பிள்ளை.

அவனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "போன மூணு கல்யாணத்துல நீ டெலீட் பண்ணின படத்தை எல்லாம் எடுத்துப் பாருல. எதனால போச்சு?" ரீசைக்கிள் பின்னில் இன்னும் கிடந்தன. உட்கார்ந்து எண்ணினோம். பாதிக்கு மேல் ஃபோகஸ் தப்பியவை, கொஞ்சம் கை ஆடியவை, சில இருட்டு. கேமரா உடைந்ததாலோ, மழையில் நனைந்ததாலோ, விநாடிக்கு 12 படம் எடுக்காததாலோ போனது ஒன்றுகூட இல்லை.

ஆர்10ஐயே வாங்கினான், அடாப்டரோடு. மிச்சமான பணத்தில் ஈஎஃப் 85 மி.மீ. எஃப் 1.8 ஒன்றைப் பழசாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன், டார்ச் அடித்து, முகர்ந்து பார்த்துத்தான். அடுத்து அகலமாக எடுக்க ஒரு லென்ஸ் சேர்க்க வேண்டும். சிக்மா 18-50 எஃப் 2.8 இப்போது ஆர்10இன் மவுண்ட்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வாய்) வருகிறது.

முதல் கல்யாணம் முடிந்த ராத்திரி மறுபடி மாடிப்படிக்கு ஓடி வந்தான். "அண்ணே, கேமரா போச்சு. படம் முழுக்கக் கோடு." பார்த்தேன். பொண்ணு முகத்தின் குறுக்கே வரி வரியாகக் கறுப்புப் பட்டை, புடவையில் ஜரிகைக்கு மேல் இன்னொரு ஜரிகை போட்ட மாதிரி. முகூர்த்தத்தில் சத்தம் வரக் கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்திருக்கிறான். அந்த முறையில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கிறது, மேடை எல்.இ.டி. இன்னும் வேகமாகக் கண் சிமிட்டும். ஒரு வரி படிக்கும்போது விளக்கு எரிகிறது, அடுத்த வரியில் மங்குகிறது. 1டி எக்ஸாக இருந்திருந்தால் இப்படி வரி வரியாகப் பட்டை பெரும்பாலும் வந்திருக்காது. ஆனால் விளக்குத் துடிப்பைப் பார்த்து அடிக்கும் வசதி அதிலும் இல்லை, கேனனில் அது 2014இல் 7டி மார்க் 2வில்தான் முதலில் வந்தது. அதனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்திருக்கும்.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, ஆன்ட்டி ஃபிளிக்கரை ஆன் பண்ணி, ஷட்டர் வேகத்தை நூறில் ஒன்றுக்கு இறக்கி, மாடிப்படி டியூப் லைட்டைப் பார்த்துப் பத்துப் படம் அடிக்கச் சொன்னேன். பத்தும் ஒரே மாதிரி வந்தன.

"சத்தம் வருதேண்ணே."

"நாதஸ்வரத்துக்கு மேலயா கேக்கப் போவுது?" என்றேன். சிரித்துக்கொண்டே கோடு விழாத படங்களைத் தனியாகப் பொறுக்க உட்கார்ந்தான். முப்பத்தெட்டு தேறியது.